யார் ஏறியிருந்தாலும்

ஜூன் 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஏப்ரல் மாதம் என்னுடைய செயலால் தங்களுக்கு ஏற்பட்ட பாதிப்புக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். நான் செய்தது தவறு என்பதை இப்போது முழுமையாக உணர்ந்துவிட்டேன். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை இங்கே கற்று வருகிறேன். தங்கள் மனம் புண்பட்டிருந்தால் பெரிய மனது வைத்து என்னை மன்னிக்க வேண்டுகிறேன். இனி ஒருபோதும் இப்படிச் செய்ய மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். தாங்கள் விரைவில் நலம் பெற வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சைக்கிள் வழக்கில் சீர்திருத்த இல்லத்தில் இருக்கும் மாணவி


ஜூன் 15

பிரேக்கை அறுத்தவளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு எனக்கு மூன்று சாயங்காலம் ஆகும். வலது கை யார் புண்ணியத்தில் மாவுக்கட்டோடு தொங்குகிறது என்று உனக்கே தெரியும்.

மனம் புண்பட்டிருந்தால் என்று எழுதியிருக்கிறாய். மனதுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டில்தான் இரண்டு எலும்பு உடைந்தது. 'பாதிப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். அது என்ன பாதிப்பு என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நான் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதில் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவோம். முன்பற்களை ஒரே வரிசையாக நிறுத்தினால் பொம்மை வாய் மாதிரி ஆகிவிடும். ஒரு பல்லை ஒரு நூல் சாய்த்து வைத்தால்தான் சொந்தப் பல் மாதிரி இருக்கும். அந்தச் சாய்வு பதினெட்டு வருடமாக என் வலது கையில் இருந்தது. இப்போது என்னை முன்னறையில் போன் எடுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்குப் பதிலாக ஒரு பையன் செதுக்குகிறான், எல்லாருக்கும் பொம்மை வாய்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றாவது தெரியுமா? சைக்கிள் என் அக்காவுடையது. உன் கணக்கு டீச்சர்தான் என் அக்கா. கணுக்கால் வலிக்கிறதென்று பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாள். "ஸ்கூல் ஸ்டாண்டுல சைக்கிள் நிக்குது, நீ போய் எடுத்துட்டு வந்துடு" என்றாள். நான் போய் ஏறினேன். தண்ணீர்த் தொட்டி தாண்டி இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு பக்கமும் தொளதொளவென்று வருகிறது. எதிரே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திருப்பினேன்.

உனக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உன்னைத் தெரியாது. ஆக, நீ வைத்த குறி அக்காவுக்குத்தான். ஏன் என்று விசாரணையில் கேட்டால் வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல் இருக்கிறாயாம். செப்டம்பரில் நீதிபதி முன்னால் உன் வழக்கு வருகிறது. உன்னை வீட்டுக்கு அனுப்பலாமா, இரண்டு வருடம் உள்ளேயே வைக்க வேண்டுமா என்று என் அபிப்பிராயத்தையும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் எழுதவில்லை.

எழுதினால் உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே. 'அம்மா'வும் வேண்டாம், நான் யாருக்கும் அம்மா இல்லை.

சுவரில் மோதியவள்


ஜூன் 27

அக்காவுக்கு,

அம்மா வேண்டாம் என்றதால் அக்கா என்று எழுதுகிறேன். அதுவும் வேண்டாமென்றால் சொல்லுங்கள்.

முதல் கடிதத்தை வார்டன் அம்மா படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இனிமேல் நானே ஒட்டி அனுப்பலாம். அதனால் உண்மையைச் சொல்கிறேன். கவுன்சலர் அறையில் மன்னிப்புக் கடிதம் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நான் இரண்டாவதைப் பார்த்து எழுதினேன். அதுதான் சின்னது. எங்கள் கூடத்தில் பதினோரு பேரில் ஒன்பது பேர் இரண்டாம் நம்பர்தான்.

பல்செட்டை மெஷினில்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் எதிரே வந்ததும் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகு துணி மடிக்கும் வேலைக்குப் போய் ஒரே போர்வையை நாலு தடவை மடித்தேன்.

உங்களுக்கு அடிபட்டதற்கு நிஜமாகவே வருத்தப்படுகிறேன். ஆனால் உண்மையை எழுதச் சொன்னீர்கள். டீச்சர் விழுந்திருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே போன வாரம் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். நாற்பது வாக்கியம். திருடுவது எந்தச் சூழ்நிலையிலும் தவறு, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், பலவீனமானவர்களுக்காகப் பேச வேண்டும் என்றெல்லாம் இருக்கும். ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்று டிக் போட வேண்டும். நான் முப்பத்தெட்டு வாங்கினேன். இந்த இல்லத்திலேயே அதுதான் அதிகம். கவுன்சலர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவ்வளவு நல்லது கெட்டது தெரிஞ்ச பொண்ணு, ஏம்மா வயரை அறுத்தே?" என்று கேட்டார். "நல்லது கெட்டது தெரிஞ்சதாலதான் மேடம்" என்றேன். அதை அப்படியே என் ஃபைலில் எழுதிக்கொண்டார். திமிர் என்று படிப்பார்கள் என நினைக்கிறேன்.

இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்றால், தப்பு செய்தவர்களைத் தண்டிக்கும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. இல்லை என்று போட்டேன். பெரியவர்கள் கேட்டால் நண்பர்களின் ரகசியத்தைச் சொல்வேன் என்று இன்னொன்று. அதற்கும் இல்லை.

காரணத்தை நான் சொல்ல முடியாது. ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்த அதிகாரி கேட்டாலும் சொல்வதில்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னது. மார்ச் கடைசியில் ஸ்டாஃப் ரூமில் என்ன நடந்தது என்று உங்கள் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். இதை எழுதியதே பாதி வாக்கை மீறியது மாதிரி இருக்கிறது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

போர்வை மடிப்பவள்


ஜூலை 12

பிரேக்காரிக்கு,

கேட்டேன். அக்கா என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட நாளிலிருந்து எனக்கு வாரிவிடுவது, ஜாக்கெட் கொக்கி மாட்டுவது எல்லாம் அவள்தான். "மார்ச் கடைசியில ஸ்டாஃப் ரூம்ல என்னக்கா நடந்துச்சு?" என்றேன். சீப்பு ஒரு நொடி நின்றது. "ஒண்ணும் நடக்கலையே. பரீட்சைப் பேப்பர் திருத்தினோம். அந்தப் பொண்ணு உங்கிட்ட ஏதாவது கதை விடுறாளா?" என்றாள்.

எங்கள் அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினாறு. இப்போது உனக்கு இருக்கும் வயது. அவள்தான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். இருபத்தைந்து வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், ஒரு நாள் வகுப்புக்குப் பிந்திப் போனதில்லை. நான் அவளை நம்புவேனா, முகம் பார்க்காத உன்னை நம்புவேனா?

நீ சொன்ன பேப்பரை உங்கள் இல்லத்தின் ஆபீசில் கேட்டு வாங்கி வந்தேன், கேஸ் சம்பந்தமாக அங்கே போக வேண்டியிருந்தது. நானும் டிக் போட்டேன். இருபத்தொன்பது. டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்திருக்கிறேன், பொறாமையில் ஒருத்தியின் கல்யாணப் பேச்சைக் கெடுத்திருக்கிறேன், என்ன செய்ய? அக்காவும் போட்டாள். நாற்பதுக்கு நாற்பது.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அவள் விழுந்திருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்கிறாய். அப்படியானால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்பது ஆள் மாறிப் போனதற்குத்தான். அறுத்ததற்கு இல்லை. அவளுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. அந்த இறக்கத்தில் அவளால் சுவரைப் பார்த்துத் திருப்பியிருக்க முடியுமா? அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் போயிருப்பாள். இதை நீ யோசித்தாயா, இல்லை முப்பத்தெட்டு வாங்கியதில் நேரமில்லையா?

அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பெண்ணுக்குச் செய்த காரியத்தில் வருத்தமில்லை, உள்ளே வைத்திருப்பதே நல்லது என்று அக்கா எழுதினாள். நான் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். மறைக்க விரும்பவில்லை, அதனால் சொல்கிறேன்.

சுவரில் மோதியவள்


ஜூலை 25

அக்காவுக்கு,

கிடைத்தது. உண்மையை எழுதச் சொன்னீர்கள், எழுதினேன், அதை வைத்தே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். மாதிரி இரண்டே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: யோசித்தேன். டீச்சர் ஸ்கூல் கேட்டருகிலேயே தடுமாறி விழுவார், எல்லாரும் பார்ப்பார்கள், முழங்கால் சிராய்க்கும் என்று யோசித்தேன். நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. இறக்கம் வரைக்கும் யோசிக்கவில்லை. பிள்ளைகளை யோசிக்கவே இல்லை.

இரண்டு வருடம் என்றால் எனக்குப் பதினெட்டு ஆகிவிடும். என் அம்மா பை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளிலும் இரண்டு பஸ் மாறி இங்கே வந்து, அரை மணி நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. நேற்று, "என்கிட்டயாவது சொல்லு, நான் உன்னைப் பெத்தவ" என்று அழுதார். அப்போதும் சொல்லவில்லை. இது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இனிமேல் எழுத வேண்டாம். கை வலிக்கும்.


ஆகஸ்ட் 9

பெண்ணே,

எழுதாதே என்றால் நான் எழுதாமல் இருந்துவிடுவேனா? என் பிடிவாதம் உனக்கு இன்னும் தெரியாது.

நீ எதையும் சொல்ல வேண்டாம். அக்காவே சொல்லிவிட்டாள்.

போன ஞாயிறு கட்டுப் பிரித்தார்கள். கை வெளுத்து, மெலிந்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மெழுகையும் கத்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முன்பல் செதுக்கிப் பார்த்தேன். கத்தி வழுக்கி வழுக்கிப் போனது. நான் அழவில்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா அழுதாள். சின்ன அழுகை இல்லை, மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கு விழ வேண்டியது உனக்கு விழுந்துடுச்சுடி" என்றாள்.

அப்புறம் சொன்னாள். பரீட்சை முடிந்து நோட்டுகள் திருத்தும்போது ஒரு நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்ததாம். ஏதோ காதல் கடிதம் என்று நினைத்து, மற்ற டீச்சர்களைச் சிரிக்க வைக்கலாமென்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாளாம். நாலாவது வரியிலேயே அது என்ன கடிதமென்று புரிந்துவிட்டது. ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நிறுத்தத் தெரியலடி. நிறுத்தினா நான் தப்பு பண்ணிட்டேன்னு ஆயிடும்ல, அதனால கடைசி வரைக்கும் படிச்சேன்" என்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது கதவருகில் இரண்டு பெண்கள் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி கையில் நோட்டுக் கட்டு. அது நீ. இன்னொருத்தி அந்தக் கடிதத்தை எழுதியவள். ஒரு வாரத்தில் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்க மாட்டேன்.

நேற்று காலை உங்கள் இல்லத்து ஆபீசுக்குப் போனேன். என் கையெழுத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "அதெல்லாம் முடியாதும்மா, ஃபைல் போயாச்சு. வேணும்னா நீதிபதிகிட்ட நேர்ல சொல்லுங்க" என்றார்கள். நேரிலேயே சொல்கிறேன். நடந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் உன்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கிருந்த கிளார்க்கும் சொன்னார். அக்காவுக்குப் பள்ளியில் பிரச்சினை வரும். வரட்டும்.

உன்னை நம்பாததற்கு என்னிடம் மாதிரிக் கடிதம் எதுவும் இல்லை. தப்பாக நினைத்துவிட்டேன்.

சுவரில் மோதியவள்

பின்குறிப்பு: கோணல் குறைந்திருக்கிறது பார். முக்கால்வாசி வலது கை.


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

தயவுசெய்து சொல்லாதீர்கள். அது உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த இரண்டாம் நாள், நான் வாக்குக் கொடுத்தவள் வந்தாள். நான் அவளை நெட்டை என்று கூப்பிடுவேன், என்னைவிட ஒரு சாண் உயரம். என் அம்மாவோடு சேர்ந்து வந்தாள். நான் உள்ளே வந்த பிறகு முதல் தடவையாக வருகிறாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். இத்தனை நாள் அவளுக்காகத்தானே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஒரு நன்றியாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது இல்லையா? எதிர்பார்த்தேன்.

அவள் உட்காரவே இல்லை. "உன்னை யாரு கேட்டா?" என்றாள்.

"என்ன கேட்டா?"

"வயரை அறுக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா? நான் கேட்டேனா? புது ஸ்கூலுக்குப் போயிட்டேன், அங்க யாருக்கும் எதுவும் தெரியாது, நிம்மதியா இருந்தேன். இப்ப உன் கேஸ்ல என்ன காரணம், என்ன காரணம்னு ஊரே தோண்டுது. எப்ப என் பேரு வெளிய வரும்னு தினம் பயந்துக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல நாலு பேருதான் கேட்டாங்க. நீ பண்ணினதால நாப்பது பேரு கேக்கப் போறாங்க."

"உனக்காகத்தான் செஞ்சேன்" என்றேன்.

"எனக்காக செய்றதுன்னா என்னைக் கேட்டிருப்பே. டி.சி. வாங்கின அன்னிக்கு எனக்கு என்ன வேணும்னு தெரியுமா? அந்த லெட்டரை டீச்சர்கிட்டேர்ந்து திரும்ப வாங்கித் தரச் சொல்லலாம்னு உன்னைத் தேடினேன். நீ ஒர்க்‌ஷாப்ல கட்டர் எடுக்கப் போயிட்டே."

அவள் போய்விட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அவரும் பஸ்ஸுக்குப் போனார்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் மேல் பயங்கரக் கோபம். மூன்று நாள் கழித்துத்தான் ஒன்று ஞாபகம் வந்தது. வயரை அறுத்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. டக்கென்று அது தெறித்தபோது சிரித்தேன். நான் நல்லவள், டீச்சர் கெட்டவர், இந்த ஸ்கூலில் தைரியம் உள்ளவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நெட்டை என் நினைப்பிலேயே இல்லை. ஸ்டாஃப் ரூமில் டீச்சருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் போகமாட்டேன் என்கிறது.

கவுன்சலரிடம் போய், அந்தப் பேப்பரை மறுபடி கொடுங்கள், வேறு மாதிரி டிக் போட வேண்டும் என்றேன். ஒரு தடவைதான் என்றார்.

அக்கா, அறுத்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆள் மாறியதற்கு இல்லை. யார் ஏறியிருந்தாலும் அது தப்புதான். இது எந்த மாதிரியிலும் கிடையாது, நானே எழுதியது.

நீதிபதியிடம் காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் ஆசை. பரவாயில்லை என்று இல்லை. வீட்டுக்குப் போகவேண்டும்போல் இருக்கிறது. அம்மாவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாதீர்கள்.

போர்வை மடிப்பவள்


செப்டம்பர் 6

கண்ணு,

உன்னை முதல் தடவை நேரில் பார்த்தேன். பிரேக்கை அறுத்தவள் என்றால் மலைபோல இருப்பாய் என்று நினைத்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை.

நான் வாக்குத் தவறவில்லை, நீயே பார்த்தாய். நீதிபதி அம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணை உள்ளேயே வைக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இப்ப வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்க. என்ன மாறிச்சு?" என்று கேட்டபோது என் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நான் கோபத்துல கையெழுத்துப் போட்டேன். இப்ப கோபம் இல்லை" என்றேன். "காரணம் தெரியுமா?" என்றார். "தெரியும். ஆனா சொல்றதுக்கு அது என்னோடது இல்லை" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

இரண்டு வருடத்தை நாலு மாதமாக்கியது உன் வார்த்தைதான், என்னுடையது இல்லை. "டீச்சர் மேல எனக்குக் கோபம் இருந்தது. ஏன்னு சொல்ல மாட்டேன். ஆனா யார் ஏறியிருந்தாலும் நான் செஞ்சது தப்பு" என்று நீ சொன்னதை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த நாலு மாதமும் இருந்திருக்காது.

உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து, நான்தான் காரணம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று கடைசி நிமிடம் வரை எதிர்பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எழுந்திருக்கவில்லை. வெளியே உன் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் அவள் பக்கத்தில்கூட உட்காரவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தேன். பாதி வழியில் அவளே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பேப்பர்ல அந்தப் பொண்ணு எவ்வளவு வாங்கினா?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

அன்றிலிருந்தே அவள் சரியாகப் பேசுவதில்லை. தலை மட்டும் இப்போதும் வாரிவிடுகிறாள். எனக்குக் கை வந்துவிட்டது, நானே வாரிக்கொள்வேன். ஆனாலும் வேண்டாமென்று சொல்லவில்லை.

நான்கு மாதம் ஓடிவிடும். உன் அம்மாவோடு நான் பேசினேன். அடுத்த தடவை அவரோடு நானும் வருகிறேன்.

சுவரில் மோதியவள்


செப்டம்பர் 17

அன்புள்ள அக்கா,

நாலு மாதம் என்று சொன்ன அன்று, வண்டியில் ஏறிய பிறகு அழுதேன். வார்டன் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். இப்போது சரியாகிவிட்டேன். சமையலறைக்கு மாற்றியிருக்கிறார்கள், துணி மடிப்பதைவிட அது தேவலாம்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை என்று படித்தபோது எனக்குப் பழைய கோபம் அப்படியே வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதோடுதான் எழுதுகிறேன்.

இதற்குள் இன்னொரு கவர் வைத்திருக்கிறேன். அது டீச்சருக்கு. ஒட்டியிருக்கிறேன். நீங்கள் பிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் ஒட்டினேன். நான் அறுத்தது டீச்சரை நினைத்து. அதனால் மன்னிப்பு அவரிடம்தானே கேட்க வேண்டும்? அவர் முதலில் கேட்கட்டும் என்று ஐந்து நாள் காத்திருந்து பார்த்தேன். அப்புறம் அவர் கேட்பதும் நான் கேட்பதும் வேறுவேறு என்று தோன்றியது. எழுதிவிட்டேன். நெட்டையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அவர் பதில் எழுத வேண்டும் என்றில்லை. கொடுத்தால் போதும்.

போர்வை மடித்துக்கொண்டிருந்தவள்


செப்டம்பர் 28

கண்ணு,

கொடுத்தேன். சனிக்கிழமை காலை, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரிடமிருந்து என்று சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பாதியில் விட்ட காயை நறுக்கி, அடுப்பில் வைத்து, இறக்கியும் வைத்துவிட்டேன். அவள் வரவில்லை. நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

மத்தியானம் வெளியே வந்தாள். முகம் கழுவி, புடவை மாற்றியிருந்தாள். கையில் மடித்த ஒரு பழைய தாள். அது உன் எழுத்து இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் படித்த அந்தக் கடிதம் ஆறு மாதமாக இந்த வீட்டில், அவள் பீரோவில் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போறேன். நான் ஒரு பிள்ளைக்குப் பண்ணினதை எழுதிக் குடுக்கப் போறேன். பேரு எழுத மாட்டேன். கோர்ட்டுக்கும் ஒரு காப்பி அனுப்புறேன்" என்றாள்.

அப்புறம் செருப்பை மாட்டினாள். "அதுக்கு முன்னாடி இதைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டு வந்துடறேன். அட்ரஸ் உனக்கு லெட்டர் எழுதுறவளுக்குத் தெரியும்ல? ஸ்கூல் ரெஜிஸ்டர்லயும் இருக்கும், எடுத்துடலாம்" என்றாள். படியில் இறங்கிவிட்டாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம். முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. போகட்டுமே என்றுதான் எனக்கும் முதலில் இருந்தது. நல்ல காரியம்தானே, யார் தடுப்பார்கள்?

நான் போய்க் கையைப் பிடித்தேன், இந்த உடைந்த கையால். "அந்தப் பொண்ணு உன்னைப் பாக்க விரும்புறாளான்னு தெரியுமாக்கா?" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதனால் உனக்கு ஒரு வேலை. விலாசம் எனக்கு வேண்டாம், அனுப்பாதே. நெட்டை அடுத்த தடவை வந்தால், வராவிட்டால் உன் அம்மா மூலமாக, அவளிடம் கேள். டீச்சர் நேரில் வரலாமா, கடிதத்தைத் தபாலில் அனுப்பலாமா, அதை எரித்துவிட வேண்டுமா, இல்லை டீச்சர் முகத்திலேயே விழிக்க விருப்பமில்லையா? அக்கா ஹெட்மிஸ்ட்ரஸிடம் போகலாமா கூடாதா என்பதையும் சேர்த்தே கேள். போனால் உனக்கு நாலு மாதம் குறையும் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. அவள் என்ன சொல்கிறாளோ அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்கு எழுது. வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எழுது.

அதுவரை அக்கா எங்கேயும் போக மாட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுவரில் மோதியவள்